ஜப்பானின் மேன்ஹோல் மூடிகள்: இவற்றைத் தெருக்கலை என்று சொல்லலாமா?

இளமாறன் எழுதியது:

ஜப்பானியப் பாதாளச் சாக்கடை மூடிகளில் ஊருக்கொரு படம் வார்க்கப்பட்டிருப்பதை நம்மில் பலரும் புகைப்படங்களில் பார்த்திருப்போம். ஒசாக்காவின் மூடியில் கோட்டையும் செர்ரி மலர்களும் இருக்கின்றன. நாராவில் மான், ஹிரோஷிமாவில் காகிதத்தில் மடித்த நாரைகள், மாட்சுமோட்டோவில் வண்ண நூல் சுற்றிய தெமாரிப் பந்துகள், ஹகோடாடேயில் ஆடும் ஊசிக்கணவாய்கள். தகமாட்சுவின் மூடி ஒரு கதையையே சொல்கிறது: 1185ஆம் ஆண்டு யாஷிமாப் போரில், அலையில் ஆடிய எதிரிப் படகின் கம்பத்தில் கட்டியிருந்த விசிறியை, கடலுக்குள் குதிரையை இறக்கி நின்ற நாசு நோ யோயிச்சி ஒரே அம்பில் வீழ்த்திய காட்சி அதில் இருக்கிறது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் வீரன், குதிரை, அம்பு, அலை அனைத்தையும் அடக்கியவர் யாராக இருந்தாலும் அவர் தேர்ந்த ஓவியர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாட்டின் பெரும்பாலான நகராட்சிகள் இப்படித் தமக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கின்றன. சாலையில் நாம் மிதித்துச் செல்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வண்ணமில்லாத வெறும் இரும்பு மூடிகள். வண்ணம் நிரப்பியவை ரயில் நிலையத்தின் முன்பும் சுற்றுலா இடங்களிலும் மட்டும் குறைந்த எண்ணிக்கையில் பதிக்கப்படுகின்றன. நுழைவுச்சீட்டு, காட்சிக்கூடம், ஓவியரின் கையொப்பம் எதுவும் இல்லாமல் நாள்தோறும் எல்லோர் காலடியிலும் கிடக்கும் இவற்றைத் தெருக்கலையின் உயர்ந்த வடிவமாகவே நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அறிய விரும்புகிறேன்.

கல்வெட்டுநேசன் எழுதியது:

இளமாறன் அவர்களுக்கு வணக்கம். மூடிகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை எதற்காகத் தோன்றின என்பதைப் பார்த்தால், தெருக்கலை என்ற பெயர் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அரசின் ஒரு துறை தன் பணிக்கு மக்களிடம் ஆதரவு தேடியபோது உருவானவை இவை.

ஜப்பானில் நவீனக் கழிவுநீர்க் குழாய்கள் வர நெடுங்காலம் ஆயிற்று. எடோ காலம் (17ஆம் நூற்றாண்டு) முதலே மனிதக் கழிவை உழவர்கள் விலை கொடுத்து வாங்கி வயலுக்கு உரமாக இட்டதால், அதை நீரோடு கலந்து வெளியேற்ற வேண்டிய தேவையே நகரங்களுக்கு எழவில்லை. காலராப் பரவலுக்குப் பின் 1884இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் செங்கல் வடிகால் கட்டத் தொடங்கினார்கள்; டச்சுப் பொறியாளர் யோஹானிஸ் டி ரைக் அதற்கு ஆலோசனை கூறினார். அந்த வடிகாலின் ஒரு பகுதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. எனினும் போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியில் ஆறுகள் நாறிப்போன பிறகுதான் நாடு முழுவதற்குமான முனைப்பு வந்தது. 1958இல் கழிவுநீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1970இல் அதைத் திருத்தி, ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றின் தூய்மையைக் காப்பதும் அதன் நோக்கம் என்று சேர்த்தார்கள். அந்த 1970இல் மக்கள்தொகையில் சுமார் 16 விழுக்காட்டினருக்கே கழிவுநீர் இணைப்பு இருந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் சிற்றூர்களின் தெருக்களையும் தோண்ட வேண்டியிருந்தது. செலவோ மிகப் பெரிது, குழாயோ மண்ணுக்கடியில் மறைந்துவிடும், வீட்டுக்காரரும் இணைப்புக்குத் தம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். இத்தனை செலவிலும் பொதுமக்களின் கண்ணில் படும் ஒரே பொருள் மூடிதான். 1980களின் நடுவில் கட்டுமான அமைச்சகத்தில் கழிவுநீர்ப் பணிகளைக் கவனித்த கமேதா யாசுதாகே என்ற அதிகாரி, ஒவ்வோர் ஊரும் தன் அடையாளத்தை மூடியில் வடித்துக்கொள்ளலாம் என்று நகராட்சிகளை ஊக்குவித்தார். அதற்கு முன்பே, 1977இல், ஒகினாவாவின் நாஹா நகரம் கூட்டமாக நீந்தும் மீன்களைத் தன் மூடியில் வார்த்திருந்தது. இன்றைய வடிவ மூடிகளுக்கு அதையே முன்னோடி என்கிறார்கள்.

எனவே இது நன்கு திட்டமிட்ட அரசு விளம்பரம். தெருக்கலை என்பது யாரிடமும் அனுமதி கேளாமல் தெருவைக் கைக்கொள்வது. இங்கே தெருவின் உரிமையாளரே படம் வரைவித்திருக்கிறார்.

பீளமேட்டுக்காரன் எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்ப்படத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். இது கலையா விளம்பரமா என்று முடிவு கட்டுமுன், இந்தப் படம் எந்தப் பொருளின்மீது, எத்தகைய கட்டுப்பாடுகளுக்குள் வரையப்படுகிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

பழைய மூடிகள் கிரே அயர்ன் எனப்படும் சாதாரண வார்ப்பிரும்பில் செய்யப்பட்டவை. அதில் கரி மெல்லிய இதழ்களாகப் படிந்திருப்பதால் ஓங்கி அடித்தால் வெடித்துவிடும். ஆகவே கனமாகத்தான் வார்க்க வேண்டும். உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் அந்தக் கரி உருண்டை வடிவம் கொள்கிறது. அதுவே டக்டைல் அயர்ன். இது வளைந்து கொடுக்கும், எளிதில் விரிசல் விடாது, எடையும் குறைகிறது. இன்று ஜப்பானியச் சாலைகளில் உள்ளவை பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு மூடி ஏறத்தாழ 40 கிலோ எடையுடன், 25 டன் லாரியைத் தாங்கும் வகையில் செய்யப்படுகிறது.

இதன்மீது படம் போடுவது காகிதத்தில் வரைவது போன்றதன்று. பேட்டர்னை, அதாவது மூடியின் மாதிரி உருவை, மணலில் பதித்து வெளியே எடுக்கும்போது மணல் உதிராமல் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு கோட்டின் பக்கச் சுவரும் மேல்நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கோடு மிக மெலிந்தால் இரும்பு ஓடி நிரம்பாது. இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் இடையிலுள்ள மணல் உடைந்துவிடும். இவை எல்லா ஃபவுண்டரிக்கும் பொதுவானவை. சாலை மூடிக்கு இவற்றோடு இன்னொரு கடுமையான கட்டுப்பாடும் சேர்கிறது: மழையில் இருசக்கர வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் சக்கரம் வழுக்கக் கூடாது. ஆகவே படத்தில் பெரிய வெற்றிடம் விடமுடியாது. வானத்தை வானமாக விட்டால் அது வழுக்குப் பாறையாகிவிடும். ஜப்பானிய மூடிகளை மீண்டும் உற்றுப் பாருங்கள். வானத்தில் மேகச் சுருளோ மலரிதழோ இருக்கும், நீர்ப்பரப்பில் அலைக்கோடுகள் இருக்கும், ஓரத்தில் பூவேலை சுற்றிவரும். அழகுக்காக என்று நாம் நினைப்பவற்றில் பாதி, சக்கரம் பற்றிக்கொள்வதற்காக வந்தவை. அந்தத் தேவையை அழகாகவே தோன்றும்படி செய்திருப்பதுதான் வடிவமைப்பாளரின் திறமை.

மேடான வரிகளின் உயரம் புதிதில் சுமார் 6 மில்லிமீட்டர். வண்டிகள் ஓடி ஓடித் தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் சாலையில் அது ஆபத்தானது என்று கருதி மாற்றுகிறார்கள். அதாவது தேய்மானத்தை அளக்கும் கருவியும் அந்தப் படமேதான்.

மூடி உட்காரும் விதமும் முக்கியமானது. முற்காலத்தில் தட்டையான விளிம்பில் மூடியைச் சும்மா வைத்தார்கள். லாரி ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் எழுந்து அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டது. இப்போது மூடியின் விளிம்பையும் சட்டத்தையும் ஒரே சரிவில் கடைந்து, ஒன்றுக்குள் ஒன்று கவ்விப் பிடிக்கும்படி செய்கிறார்கள். ஆனால் கவ்விப் பிடிப்பது மட்டும் போதாது. 1998 செப்டம்பரில் கோச்சி நகரில் கொட்டிய பெருமழையில் குழாய்க்குள் அழுத்தம் ஏறி மூடிகள் பெயர்ந்துபோயின. வெள்ளத்தில் குழி இருப்பது தெரியாமல் விழுந்தவர்கள் உயிரிழந்தார்கள். உள்ளே அழுத்தம் மிகும்போது மூடி சிறிதளவு மட்டும் எழுந்து காற்றையும் நீரையும் வெளியேற்றி, பூட்டிலிருந்து விடுபடாமல் மீண்டும் அமரும் அமைப்புகள் பரவலானதற்கு இத்தகைய விபத்துகளே காரணம்.

மலர்விழி எழுதியது:

பீளமேட்டுக்காரர் ஐயா, மிக்க நன்றி. ஓர் ஐயம். வண்ணம் எப்படிப் பூசுகிறார்கள்? இத்தனை வண்டிகள் ஏறினால் அழிந்துவிடாதா?

பீளமேட்டுக்காரன் எழுதியது:

பூசுவதில்லை அம்மா, ஊற்றுகிறார்கள். வார்த்து, மணல் நீக்கி, விளிம்பு கடைந்த பிறகு, மேடான வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நிறமேற்றிய ரெசினை (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினை) கையால் ஒவ்வொரு நிறமாக நிரப்பி இறுக விடுகிறார்கள். தேய்மானத்தை முதலில் வாங்கிக்கொள்வது இரும்பு வரி என்பதால் ரெசின் ஓரளவு காக்கப்படுகிறது. இருந்தாலும் வெயிலும் மண்துகளும் அதை மங்கச் செய்யத்தான் செய்யும். கைவேலை மிகுந்திருப்பதால் விலை கூடுகிறது, நிரம்பிய இடம் வழுவழுப்பாகவும் இருக்கிறது. இந்தக் காரணங்களால் வண்ண மூடிகளைக் கனரக வண்டிகள் ஓடும் இடத்தில் வைக்காமல் நடைபாதைகளில் வைப்பதையே விரும்புகிறார்கள்.

இளமாறன் எழுதியது:

கல்வெட்டுநேசன் அவர்கள் சொன்ன வரலாற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அனுமதி இல்லாமல் வரைவது மட்டுமே தெருக்கலை என்ற வரையறை எனக்குக் குறுகலாகத் தோன்றுகிறது. நம் கோயில் தூண்களில் யாளி செதுக்கியவர்களும் மன்னனின் ஆணைக்குத்தான் வேலை செய்தார்கள். அதனால் அந்தச் சிற்பங்களை மன்னனின் விளம்பரம் என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிடுவதில்லை.

மூடியின் வடிவம் உருவாகும் வழிகளும் ஒன்றல்ல. சில ஊர்களில் பொதுமக்களிடமிருந்து படங்களை வரவேற்றுப் போட்டி நடத்துகிறார்கள். சில ஊர்களில் நகராட்சி தரும் கருத்தை வார்ப்பு நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வரைந்து தருகிறார். பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

மேலும், இவற்றைக் கலையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அதிகாரிகள் அல்லர், தெருவில் நடந்தவர்கள். ஹயாஷி ஜோஜி என்ற ஓவியர் 1970களிலிருந்தே நாடெங்கும் நடந்து மூடிகளைப் படமெடுத்துத் தொகுத்தார். அவர் தொகுத்தவற்றில் பல, படமே இல்லாத, வெறும் கட்டங்களும் வட்டங்களும் கொண்ட பழைய மூடிகள். டோக்கியோவின் கழிவுநீர்த் திட்டத்தை வகுத்த பொறியாளர் நாகாஜிமா எய்ஜியின் பெயரால் அழைக்கப்படும் வடிவம் அவற்றுள் ஒன்று. அது அவருடைய மாணவர்கள் வழியாகப் பல நகரங்களுக்குப் பரவியது. 1986இல் ஓவியர் அகாசேகாவா கென்பேய், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஃபுஜிமோரி தெருநோபு ஆகியோர் சாலையோர உற்றுநோக்கலுக்கென ஒரு சங்கம் அமைத்தபோது ஹயாஷியும் அதில் இருந்தார். வரைந்தவருக்கு எந்த நோக்கம் இருந்திருந்தாலும், பார்ப்பவர் தலையைக் குனிந்து நிற்கத் தொடங்கியதும் அந்த இரும்புக்கு வேறொரு வாழ்வு வந்துவிடுகிறது.

யோகோஹாமாவாசி எழுதியது:

இங்கேயே வாழ்பவள் என்ற முறையில் இருவரிடமும் மாறுபட்டு ஒன்று சொல்கிறேன். கலையா விளம்பரமா என்பதைவிட, படம் தான் மூடியிருக்கும் நீரைப் பற்றிப் பேசுகிறதா இல்லையா என்பதே இந்த மூடிகளைத் தரம் பிரிக்கச் சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

நகோயாவின் மூடியில் நீர்ப்பரப்பில் நடக்கும் பூச்சி ஒன்று இருக்கிறது. கோட்டையும் அதன் கூரையில் பொன் மீன்களும் கொண்ட நகரம், தன் கழிவுநீர் மூடிக்கு அவற்றை விட்டுவிட்டு ஒரு சிறு பூச்சியைத் தேர்ந்தெடுத்தது, தூய நீரில் அது வாழும் என்பதற்காக. சப்போரோவின் மூடியில் மணிக்கூண்டுடன் சால்மன் மீன்கள் இருக்கின்றன. நகரின் நடுவே ஓடும் தோயோஹிரா ஆறு மாசடைந்து, சால்மன் அதில் ஏறிவருவது நின்றுபோயிருந்தது. 1972 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிய ஆண்டுகளில் கழிவுநீர் அமைப்பு விரைவாக விரிந்து ஆறு தெளியத் தொடங்கியது. 1970களின் இறுதியில் சால்மனை மீட்டழைக்கும் மக்கள் இயக்கம் எழுந்து குஞ்சுகளை ஆற்றில் விட்டது. மீன்கள் திரும்பி வந்தன. அந்த மூடியை மிதித்து நடக்கும் சப்போரோக்காரருக்கு அது வெறும் அலங்காரம் அன்று, தம் குழாய்களின் பயன் என்ன என்பதற்கான விடை. நாஹாவின் மீன்களும் இந்த வகையே.

இவற்றுக்கு எதிர்முனையில் அண்மைக்காலக் கதாபாத்திர மூடிகளை வைப்பேன். 2018 டிசம்பரில் ககோஷிமா மாநிலத்தின் இபுசுகி நகரில் போகேமோன் (Pokémon) விளையாட்டுக் கதாபாத்திரங்கள் கொண்ட மூடிகள் முதலில் பதிக்கப்பட்டன. இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை, போகேமோன் நிறுவனமே அவற்றை நகராட்சிகளுக்கு வழங்குகிறது. குழந்தைகள் மகிழ்கிறார்கள், சிற்றூர்களுக்குப் பயணிகள் வருகிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பல மூடிகளில் ஊரின் மலையோ பழமோ பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. நீர் பற்றிய நினைப்பு முற்றிலும் போய்விடுகிறது.

மேன்ஹோல் அட்டைகள் அப்படியல்ல. கழிவுநீர்த் துறையின் மக்கள் தொடர்பு அமைப்பு ஒன்று 2016 ஏப்ரலில் அவற்றைத் தொடங்கியது. முன்புறம் மூடியின் படமும் அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும், பின்புறம் வடிவத்தின் விளக்கமும் இருக்கும். இலவசம்தான், ஆனால் அந்த ஊருக்கே நேரில் போய், ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வாங்க முடியும். முதலில் 28 நகராட்சிகள் 30 வகைகளை வெளியிட்டன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பல ஊர்களில் அட்டையைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். அட்டைக்காகப் போன நான், அதை வாங்கிக்கொண்ட கையோடு தொட்டிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததுண்டு.

கல்வெட்டுநேசன் எழுதியது:

நீரைப் பற்றிப் பேசும் படம் என்ற அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதையே இன்னும் கடுமையாகப் பிடித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 28 அன்று சைத்தாமா மாநிலத்தின் யாஷியோ நகரில் ஒரு சாலைச் சந்திப்பு திடீரென உள்வாங்கி, லாரி ஒன்று குழிக்குள் விழுந்தது. ஓட்டுநரை உயிருடன் மீட்க முடியவில்லை. அடியில் 1983இல் பதித்த 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் அரித்துப்போய், அதன் வழியே மண் இறங்கியதுதான் காரணம். சுமார் 12 இலட்சம் மக்கள் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடெங்கும் பெரிய குழாய்களைச் சோதிக்கும் பணி தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே மாநிலத்தின் கியோடா நகரில் அத்தகைய சோதனைப் பணிக்காக மேன்ஹோலில் இறங்கியபோது நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மூடியின் படம் மண்ணுக்கடியில் இருப்பதை நினைவூட்டுவதற்காகவே பிறந்தது என்றால், இந்தக் குழாய்களின் முதுமையை அது யாருக்கு நினைவூட்டியது? மக்கள் குனிந்து படமெடுத்தார்கள். அதற்குக் கீழே கந்தக வாயு கான்கிரீட்டைத் தின்றுகொண்டிருந்தது. இன்று 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு இணைப்பு இருக்கிறது. மக்களை இணங்க வைக்கும் வேலை ஏறத்தாழ முடிந்தது. இனிப் பராமரிப்புக்கான பணத்துக்கும் கட்டண உயர்வுக்கும் இணங்க வைக்கும் வேலை இருக்கிறது. அதை இந்தப் படங்கள் செய்யுமா?

பீளமேட்டுக்காரன் எழுதியது:

கேள்வி நியாயமானது. ஆனால் படத்துக்குச் செலவழித்த பணம் குழாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடியை வார்த்தாக வேண்டும். பேட்டர்னை ஒருமுறை செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் அதே அச்சில் வார்க்கலாம். வண்ணம் நிரப்பியவற்றுக்கே கூடுதல் செலவு, அவை மிகச் சில. ஒரு பெருங்குழாயைப் புதுப்பிக்கும் செலவின் முன் அது கணக்கிலேயே வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூடிக்கும் ஆயுள் உண்டு. வண்டிகள் செல்லும் சாலையில் 15 ஆண்டு, மற்ற இடங்களில் 30 ஆண்டு என்பது அங்கே வகுத்துள்ள அளவு. நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மூடிகள் இருக்கின்றன. கெடு தாண்டியும் மாற்றப்படாதவை பல இலட்சம். அழகான மூடி என்று நாம் படமெடுப்பவற்றில் சில, வரி தேய்ந்து, மாற்ற வேண்டிய நாள் கடந்து கிடப்பவை. கியோடாவில் இறந்தவர்களைப் பொறுத்தவரை, குழிக்குள் இறங்கும் மனிதனுக்குக் காற்றைச் சோதிக்கும் கருவியும் மேலே பிணைத்த கயிறும் இருந்தாக வேண்டும் என்பதில் எந்த நாட்டிலும் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

யோகோஹாமாவாசி எழுதியது:

கல்வெட்டுநேசன் ஐயாவின் கேள்விக்கு ஓரளவு விடை தரும் இடம் ஒன்று டோக்கியோவின் மேற்குப் பகுதியில், கொதைரா நகரில், இருக்கிறது. 1995இல் திறக்கப்பட்ட கழிவுநீர்க் காட்சியகம் அது. மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கினால், தரைக்கு 25 மீட்டர் ஆழத்தில், உண்மையாகவே கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் நின்று பார்க்கலாம். நாற்றம் இருக்கும், நீர் ஓடும் ஓசை கேட்கும். மூடியைப் பார்த்து வியப்பவர்கள் ஒருமுறையாவது இதற்குள் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அட்டையை ஊர்களின் சுற்றுலாத் தகவல் மையங்களில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முடிந்தவரை இத்தகைய இடங்களிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் மட்டுமே கொடுக்கலாம் என்றும் சொல்வேன்.

இளமாறன் எழுதியது:

அந்தக் கருத்தோடு உடன்படுகிறேன். பழைய மூடிகளையும் வீணாக்காமல் இருக்கலாம். மாயேபாஷி நகரம் 2017இல் கழற்றிய மூடிகள் சிலவற்றை ஒன்று 3,000 யென்னுக்கு விற்பனைக்கு வைத்தபோது, இருந்ததைவிடப் பல மடங்கு பேர் விண்ணப்பித்தார்கள். அப்படி விற்கும்போது புதிய மூடியின் வரி உயரத்தையும் பழையதன் உயரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால், வாங்குபவருக்குத் தம் தெருவின் மூடியையும் அளந்து பார்க்கத் தோன்றும்.

மலர்விழி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு என் மகனிடம் ஒசாக்காவுக்குப் போகவிருக்கிறேன். சாலை நடுவில் நின்று பார்ப்பது சரியாக இருக்காது அல்லவா?

யோகோஹாமாவாசி எழுதியது:

சாலை நடுவில் நிற்கவே வேண்டாம் அக்கா, வண்ண மூடிகள் பெரும்பாலும் நடைபாதையில்தான் இருக்கும். ஒசாக்காவில் கோட்டை மூடியைப் பார்த்த பிறகு, தாய்க்கோ வடிகால் எங்கே இருக்கிறது என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். தாய்க்கோ என்ற பட்டம் கொண்ட ஆட்சியாளர் தோயோதோமி ஹிதேயோஷி கோட்டை நகரை அமைத்த 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், வீடுகளின் பின்புறங்களுக்கு இடையே வெட்டிய வாய்க்கால்கள் அவை. பிற்காலத்தில் மேலே மூடப்பட்டு, இன்றும் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் கழிவுநீரைச் சுமக்கின்றன. ஓரிடத்தில் தரையில் கண்ணாடிச் சாளரம் அமைத்து, மேலிருந்தே உள்ளே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். இன்று நிற்கும் கோட்டை பிற்காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது என்றாலும், ஒசாக்காக் கோட்டையை முதலில் எழுப்பியதும் அந்த வாய்க்கால்களை வெட்டியதும் ஒரே மனிதரின் காலத்தில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.